காய்ந்த காற்றும் நாகசுரமும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய மேடை இது. புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகக் காலம் கழிக்கும் எனக்கு, பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் கல்வியும் இல்லை; இசைப் புலமையும் இல்லை. இருந்தும் செயலாளர் அவர்கள், "நீர் பட்ட அனுபவத்தைச் சொல்லும், அதுவே போதும்" என்று பணித்தார்கள். பட்ட அனுபவம் என்று அவர்கள் நயமாகச் சொன்னதை, செய்த பிழை என்று திருத்திக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் அறிந்த வரையில் நம் குடியிருப்பில் நான்கு வீடுகளில் நாகசுரம் இருக்கிறது. இரண்டு வீடுகளில் அதனை வாசிப்பார் உளர். மற்ற இரண்டில், பாட்டனார் காலத்துச் செல்வமென்று பட்டுத் துணியிற் சுற்றி, பேழையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆயுத பூசையன்று எடுத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு மறுபடியும் பூட்டிவிடுகிறார்கள். இவ்வாறு பூட்டி வைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு காலத்தில் என் எண்ணமும் அதுவே.

என் தாய்மாமன் திருநெல்வேலிச் சீமைக் கோயில்களில் நாகசுரம் வாசித்துப் பிழைத்தவர். பெரும்புகழ் பெற்றவர் அல்லர்; ஆனால் தம் கருவியைத் தம் பிள்ளையைப் போலப் பேணியவர். அவர் 2007ஆம் ஆண்டு காலமானார். அவருக்கு மக்கட்பேறு இல்லாமையால் அந்தக் கருவி திருவனந்தபுரத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரும்பு அலமாரியின் மேல்தட்டில் அதனை வைத்தேன். ஒன்பது ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. ஆறு திங்களுக்கு ஒருமுறை தூசு துடைத்ததைத் தவிர அதற்கு நான் வேறொன்றும் செய்ததில்லை.

2016ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் கோவில்பட்டியில் என் தமக்கை மகளின் திருமணம். மாமனாரின் கருவி மணமேடையில் ஒலிக்க வேண்டும் என்று அத்தை விரும்பினார்கள். அவர்கள் எதையும் வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் உடையவர்கள் அல்லர். ஆகவே, அந்த ஒன்றையாவது நிறைவேற்ற வேண்டும் என்று நானும் உறுதி கொண்டேன். திருமணத்திற்கு முதல்நாட் பகல் வண்டியில் கருவியோடு புறப்பட்டேன்.

நம்மில் பலரும் அடிக்கடி செல்லும் பாதைதான் அது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை 1979இல் வந்தது; நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 1981இல் வந்தது. நாகர்கோவில் வரையில் சன்னலின் இருபுறமும் வாழையும் தென்னையும் வயலும் குளமுமாகக் கண் குளிரும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தவுடன் காட்சி மாறிவிடும். காற்றாலைகள் சுழலும், பனையும் உடைமரமும் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இது. கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்றும் அங்கே நிகழ்கிறது. காற்றிலுள்ள ஈரம் குறைந்துவிடுகிறது. நம் உதடு அதனை உணரும். நாம் தண்ணீர்ப் புட்டியைத் தேடுவோம். பெட்டிக்குள் இருக்கும் மரமும் அதனை உணரும். அதற்கு வாய் இல்லை.

கோவில்பட்டி நாகசுரத்திற்குப் பெயர்பெற்ற ஊர். காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் (1921–1964) வாழ்ந்த ஊர் அது. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' என்னும் படத்தில் ஒலித்த அவருடைய நாகசுரத்தை அறியாத தமிழ் இல்லம் இராது. அப்படிப்பட்ட ஊரில் மேளத்திற்கு ஏற்பாடாகியிருந்த இளைஞரிடம் கருவியைக் கொடுத்தேன். அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது வாசிச்சு எத்தனை வருசம் ஆச்சு?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டு என்றேன். "அப்போ இன்னிக்கு வேண்டாமே, நம்ம வாத்தியத்திலேயே வாசிச்சிருவோம்" என்றார். நான் விடவில்லை. அத்தையின் ஆசையைச் சொன்னேன். பெரியவர்கள் ஆசை என்றவுடன் அந்தப் பிள்ளையால் மறுக்க முடியவில்லை.

ஒரு மணி நேரத்திற்கு மேல் வாசித்தார். மாமனாரே எதிரில் நின்று வாசிப்பது போல் இருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். தாலி கட்டும் வேளை நெருங்கிக் கெட்டிமேளம் முழங்கும் தருணத்தில், காய்ந்த சுள்ளி முறிந்தாற்போல ஓர் ஓசை கேட்டது. தவில் முழக்கத்தில் பலர் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். நான் கேட்டேன். சுரம் நழுவியது. அந்த இளைஞர் கண்ணிமைக்கும் நேரத்தில் தம் கருவியை எடுத்துக் குறை தெரியாமல் முடித்துவிட்டார். பிறகு பார்த்தபோது, கெண்டை செருகும் வாயிலிருந்து முதல் விரல்துளையை நோக்கி மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

அத்தை கோபித்துக் கொள்ளவில்லை. முந்தானையால் அதனைத் துடைத்து, "போகட்டும் ஐயா, ஒரு நாளாவது கேட்டேனே" என்றார்கள். அந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த வெடிப்பு ஏன் உண்டாயிற்று என்று தேடி அறிந்ததையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இருப்புப்பாதையில் வேலை செய்பவனுக்குப் பொருள்கள் நீள்வதும் சுருங்குவதும் புதிய செய்தி அன்று. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தண்டவாளம், தடையின்றி இருந்தால், 10 பாகை வெப்பம் ஏறும்போது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பாதை கோணிவிடும். ஆகவே மரமும் வெயிலின் சூட்டினால்தான் வெடிக்கிறது என்று நான் முதலில் கருதினேன். அது தவறு. இரும்பை ஆட்டிப் படைப்பது வெப்பம். மரத்தை ஆட்டிப் படைப்பது ஈரம்.

இதற்கு உவமை தேடி வேறெங்கும் போகவேண்டுவதில்லை. கோவில்பட்டிக் கரிசலே போதும். மழை பெய்தால் கரிசல் மண் உப்பிப் பருக்கும். கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து நிற்கும். மண்ணிலிருந்து நீர் போன அளவுக்கு மண் சுருங்குகிறது. சுருங்க இடமில்லாத இடத்தில் பிளக்கிறது. மரத்திலும் நிகழ்வது இதுவே. வெட்டி அறுத்து எத்தனை ஆண்டு ஆனாலும், மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நம் ஊரில் மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதும் கோடையில் தளர்வதும் இதனாலேதான்.

காற்றின் ஈரத்தை அளப்பது எவ்வாறு? காற்றைப் பாத்திரம் என்று கொள்வோம். வெப்பம் ஏற ஏற அந்தப் பாத்திரம் பெரிதாகிறது. ஒரு கனமீட்டர் காற்று 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 40 பாகையில் ஏறத்தாழ 51 கிராம் தாங்கும். ஒரே காற்றில் 20 கிராம் நீராவி இருப்பதாக வைத்துக்கொண்டால், 30 பாகையில் பாத்திரம் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கும்; 40 பாகையில் ஐந்தில் இரண்டு பங்குதான் நிறைந்திருக்கும். நீர் குறையவில்லை, பாத்திரம் பெரிதாகிவிட்டது. மரம் கவனிப்பது இந்த நிறைவின் அளவைத்தான். இதனையே நூற்றுக்கு இத்தனை என்று ஈரப்பதமாகக் கூறுகிறார்கள்.

ஈரப்பதம் 80 விழுக்காடாக நிலைத்திருக்கும் இடத்தில் வைத்த மரத்தில், அதன் காய்ந்த எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீர் தங்கும். அதே மரத்தை 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள இடத்தில் நெடுநாள் வைத்தால் அது 9 ஆகக் குறையும். 30 விழுக்காட்டில் வைத்தால் 6 ஆகிவிடும். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் ஈரப்பதம் 80ஐத் தாண்டியே நிற்கும். ஒன்பது மழைக்காலம் ஈரத்தைக் குடித்துக் கிடந்த மரத்தை, ஒரே பகற்பொழுதில் கோடைக் கரிசலுக்குக் கொண்டுபோய், மறுநாளே ஊதச் செய்தேன் என்றால் என் அறியாமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

நீர் குறைந்தால் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அதன் மாற்றம் மிகச் சிறிது. குறுக்குவாக்கிலேயே அது சுருங்கும். அதிலும், மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு, வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் சுருங்கும். இதனால் வட்டமாகக் கடைந்த துளை சற்றே முட்டை வடிவாகிவிடும். நாகசுரத்தின் உட்குழல் மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. அதன் வடிவம் சிறிது மாறினாலும் சுருதி மாறும். வெடிப்பு ஏற்படுவதற்கு நெடுநாள் முன்னரே, "என்னவோ இன்று கருவி ஒத்துழைக்கவில்லை" என்று வித்துவான்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிக்காற்று காய்ந்திருக்கும்போது ஊதத் தொடங்கினால் மற்றொரு தொல்லை. நம் மூச்சு ஈரம் நிறைந்தது. குழலின் உட்புறம் அந்த ஈரத்தை வாங்கிப் பருக்கிறது. வெளிப்புறமோ ஈரத்தை இழந்து சுருங்குகிறது. உள்ளே பருத்து வெளியே சுருங்கினால் இடையில் உள்ள மரம் என்ன செய்யும்? சிறிய சட்டையைப் பருத்த உடம்பில் மாட்டினால் தையல் விடுவது போல நார்வழியே விட்டுவிடுகிறது. வெடிப்புகள் எப்போதும் நீளவாக்கிலேயே ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

இவற்றோடு நான் செய்த தனிப்பிழை ஒன்றும் உண்டு. உலவு என்னும் மரக்குழலின் மேல்வாயில் கெண்டை என்னும் உலோகத் துண்டைச் செருகி, அதன்மேல் சீவாளியைப் பொருத்துவது வழக்கம். பயணத்தில் கெண்டை தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, நூல் சுற்றி இறுக்கமாகச் செருகியே எடுத்துச் சென்றேன். மரம் சுருங்கியபோது உலோகம் சுருங்கவில்லை. உள்ளே ஆப்பு அறைந்தாற்போல ஆயிற்று. வெடிப்பு ஏன் அந்த வாயிலிருந்தே தொடங்கிற்று என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

இதை எனக்கு விளக்கியவர் நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ஓர் ஆசாரியார். கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் இருப்புப்பாதை ஓரத்தில் உள்ள சிற்றூர் அது. தமிழகத்தின் நாகசுரம் அங்கே பிறக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் (1898–1956) வாசித்துப் பெருமைப்படுத்திய நீண்ட பாரி நாகசுரம், அவ்வூர் ரங்கநாதன் ஆசாரியாரின் கைத்திறனால் உருப்பெற்றது. அதற்கு முன் வழங்கிய திமிரி குட்டையானது, சுருதி மிகுந்தது. சுத்த மத்திமம் சரியாகப் பேசாத குறையையும் அவர் தீர்த்துவைத்தார். 2022ஆம் ஆண்டு நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அவ்வூரார் உலவு கடைவது ஆச்சா மரத்தில். கீழே விரியும் அணசைச் செய்வது வாகையில். ஆச்சா வறண்ட நிலத்தில் மெல்ல வளரும் மரம். அதன் வைரம் நீரில் இட்டால் அமிழும் அளவுக்குக் கனமானது. இதில் கவனிக்கத்தக்க செய்தி, அவர்கள் பச்சை மரத்தைத் தேடுவதில்லை என்பது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரத்தையும் தூணையும் வாங்கிவந்து கடைகிறார்கள். பல தலைமுறை காலம் கூரைக்கடியில் நின்று, எத்தனையோ கோடையையும் மழையையும் பார்த்து, கோணுவதெல்லாம் கோணி, வெடிப்பதெல்லாம் வெடித்து முடித்த மரத்தில் நல்ல பகுதியைத் தேர்ந்தெடுத்தால், அது பின்னர் எளிதில் ஏமாற்றுவதில்லை. காய்ந்த காற்றை வெல்ல அவர்கள் கண்ட முதல் வழி, காலத்தால் பதப்பட்ட மரத்தைத் தேர்வதே. அத்தகைய பழைய வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகையால் கையிலுள்ள ஒரு கருவி வெடித்தால் அதற்கு ஈடாக இன்னொன்று கடையில் கிடைக்கும் என்று எண்ணலாகாது.

நான் உடனே அவரிடம் சென்றேன் அல்லேன். திருமணம் முடிந்து திருவனந்தபுரம் திரும்பியபோது மழை பிடித்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொண்டது. மரம் தானே ஆறிவிட்டது என்று மகிழ்ந்தேன். தை பிறந்து காற்று சற்றுக் காய்ந்தவுடன் அதே கோடு மறுபடியும் தோன்றியது. முன்னிலும் சிறிது நீண்டிருந்தது. அப்போதுதான் நரசிங்கம்பேட்டைக்குப் புறப்பட்டேன். ஆசாரியார் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மரத்தின் பேரில் குற்றம் இல்லை ஐயா. மூடினது வேறு, ஆறினது வேறு" என்றார். பிறகு கேட்டார்: "கோந்து ஏதாவது வைத்து அடைத்தீர்களா?" இல்லை என்றேன். "நல்ல காரியம் செய்தீர்கள்" என்றார். காய்ந்திருக்கும்போது வெடிப்பு அகன்று நிற்கும். அந்நேரத்தில் கெட்டியான பொருளை இட்டு நிரப்பினால், மழைக்காலத்தில் மரம் பருக்கும்போது அந்த அடைப்பே ஆப்பாகி வேறோர் இடத்தில் பிளக்கச் செய்யும். நான் ஒன்றும் செய்யாமல் விட்டது சோம்பலால். அந்தச் சோம்பல் ஒன்றுதான் கருவிக்கு நான் செய்த நன்மை.

இது நம் நாட்டுக் கருவிக்கு மட்டும் உள்ள குறை என்று யாரும் எண்ண வேண்டாம். மேனாட்டார் ஓபோ, கிளாரினெட் என்னும் குழல்களை ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்கிறார்கள். அதுவும் இரும்பை நிகர்த்த மரமே. அவையும் வெடிக்கின்றன; அங்கே கோடையைவிடக் குளிர்காலமே கொடியது. கனடா நாட்டின் டொரன்டோ நகரில் ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அவர்தம் கோயில்களில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. அந்நகரின் குளிர்காலத்தில் 0 பாகையில் இருக்கும் காற்று, ஈரத்தால் முற்றும் நிறைந்திருந்தாலும், ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் நீராவிதான் தாங்கும். அக்காற்றை வீட்டுக்குள் 22 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 25 விழுக்காட்டிற்கு இறங்கிவிடும். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே கருவிக்குக் கரிசற் கோடை.

நாமோ ஈரம் மிகுந்த கடற்கரை நகரில் வாழ்கிறோம். நமக்கென்ன கவலை என்று நீங்கள் வினவலாம். குளிர்சாதனம் பொருத்திய அறையின் வெளிப்புறக் குழாயிலிருந்து நாள் முழுதும் சொட்டும் நீரைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவும் அந்த அறையின் காற்றிலிருந்து பிடுங்கப்பட்ட ஈரம். இரவெல்லாம் அத்தகைய அறையிலும், பகலெல்லாம் வெளிக்காற்றிலுமாக ஒரு கருவியை வைத்திருந்தால், ஆரல்வாய்மொழியை நாள்தோறும் இருமுறை கடக்கச் செய்ததற்கு ஒப்பாகும். கண்ணாடிப் பேழைக்குள் விளக்கு எரியவிட்டு அழகு பார்ப்பதும் அத்தகையதே. நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவதால் இவற்றை யாரும் தீங்கென்று கருதுவதில்லை.

மரம் காய்ந்த காற்றுக்கு அஞ்சுவதில்லை. திடீர் மாற்றத்திற்கே அஞ்சுகிறது. கோவில்பட்டியிலேயே இருக்கும் நாகசுரங்கள் கோவில்பட்டிக் காற்றில் நன்றாகவே ஒலிக்கின்றன. அன்று மாமனாரின் கருவியைக் கைவிட்ட அந்த இளைஞர், அவ்வூர்க் காற்றிலேயே பழகிய தம் கருவியில்தானே திருமணத்தை நிறைவேற்றினார்! ஆகவே பேணும் முறை அனைத்தும், மாற்றத்தை மெதுவாக்குவது என்னும் ஒன்றில் அடங்கும். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, நெடுநாள் வாசிக்காத கருவியையும் புதிய கருவியையும் ஒரேயடியாக வாசிக்கலாகாது. நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் எனத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்ட வேண்டும். மேனாட்டுக் குழல் செய்வோரும் இதனையே அறிவுறுத்துகிறார்கள்.

இரண்டாவது, வறண்ட ஊருக்குச் செல்வதாயின் பெட்டியை மூடியபடியே ஒரு நாளேனும் அறையில் வைத்துப் பின் திறக்க வேண்டும். கெண்டையைக் கழற்றித் தனியே எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே சென்றபின் நூற்சுற்றைக் குறைத்து, இறுக்காமல் செருக வேண்டும். வண்டியில் சன்னலோரத்து வெயிலில் வைப்பதும், பூட்டிய மோட்டார் வண்டிக்குள் விட்டுச் செல்வதும் அறவே ஆகா.

மூன்றாவது, வாசித்து முடித்ததும் நூலிற் கட்டிய மெல்லிய பருத்தித் துணியை உள்ளே இழுத்து ஈரத்தைத் துடைக்க வேண்டும். துடைத்தவுடன் பேழையில் வைத்து மூடாமல் நிழலில் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு மூட வேண்டும்.

நான்காவது, எண்ணெய். எண்ணெய் இட்டால் மரம் வெடிக்காது என்பது பாதி உண்மை. எண்ணெய் ஈரத்தின் போக்குவரவைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஈரமாக இருக்கும்போது இடாமல், நன்கு உலர்ந்தபின் துணியில் சில துளி மட்டும் தொட்டு உள்ளும் புறமும் மெலிதாகத் தடவி, ஓர் இரவு விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். குளிப்பாட்டுவது போல ஊற்றினால் தூசு படிந்து துளை அடைபடும். சீவாளியின்மேல் எண்ணெய் படவே கூடாது.

ஐந்தாவது, வறண்ட ஊரில் தங்க நேர்ந்தால், துளையிட்ட சிறிய சவர்க்காரப் பெட்டியில் நனைத்துப் பிழிந்த துணியை இட்டு, மரத்தில் படாதவாறு பேழையின் மூலையில் வைக்கலாம். நாள்தோறும் அதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் இதைச் செய்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். இங்கே அது வேண்டுவதில்லை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி இப்போது குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பேழைக்குள் வைத்தால் ஊகத்திற்கு இடமிராது.

ஆறாவது, எச்சரிக்கைக் குறிகளை அறிந்திருக்க வேண்டும். மரத்தின்மேல் இறுகப் பிடித்திருந்த உலோகப் பூண் கையால் திருகினால் சுழலுமாயின், மரம் சுருங்கிவிட்டது என்று பொருள். அன்று வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். வெடிப்பே கண்டுவிட்டால் வீட்டு வைத்தியம் செய்யாமல், நூலால் மெல்லக் கட்டி, செய்தவர் கையில் சேர்ப்பிக்க வேண்டும்.

சீவாளியைப் பற்றியும் ஒரு சொல். அது நாணற்றட்டையில் செய்வது. மரத்தைவிட விரைவில் காயும். அதனாலேயே வித்துவான்கள் பல சீவாளிகளைக் கருவியிலேயே கட்டித் தொங்கவிட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக வாயில் நனைத்துப் பயன்படுத்துகிறார்கள். மூங்கிற் குழல் பயில்வோரும் கவனிக்க வேண்டும். மூங்கில் நார் முழுதும் நீளவாக்கிலேயே ஓடுவதால் வறட்சியில் எளிதில் பிளக்கும். இரு முனைகளிலும் நூலை இறுகச் சுற்றி வைப்பது அழகுக்கு மட்டும் அன்று. தவிலோ இதற்கு நேர்மாறு. இங்கே மழைக்காலத்தில் அதன் தோல் தளர்ந்துவிடும். வறண்ட ஊரில் விறைத்துக்கொள்ளும். ஒரே மேடையில் அமர்ந்திருந்தாலும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கவலை உண்டு.

இந்த நாடு நாகசுரத்திற்கு அயல்நாடு அன்று. மலையாள நாட்டுக் கோயில்களிலும் நாகசுரம் உண்டு. திருவிழா ஜயசங்கர் போன்ற பெருவித்துவான்கள் இம்மண்ணிலேயே தோன்றியிருக்கிறார்கள். செண்டை மேளத்தோடு ஒலிக்கும் குறுங்குழலும் அதன் உறவே. ஆகவே வாசிப்பாரும் கேட்பாரும் இங்கே உண்டு. குறை நம்மிடம்தான், நாம் பேழையைத் திறப்பதில்லை.

இறுதியாக, மாமனாரின் கருவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆசாரியார் அதனைப் பல வாரங்கள் தம்மிடமே வைத்திருந்து, வெடிப்பைப் பதமாக ஒட்டி, வாயில் ஒரு பூண் இட்டுக் கொடுத்தார். "கச்சேரிக்கு ஆகாது, பழகுவதற்கு ஆகும். ஆனால் சும்மா மட்டும் வைக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார். நம் குடியிருப்பில் நாகசுரம் பயிலும் ஒரு பிள்ளை இப்போது நாள்தோறும் மாலையில் என் வீட்டுக்கு வருகிறான். முதல் திங்களில் பதினைந்து நிமிடத்திற்கு மேல் அவனை வாசிக்க விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அருகிலேயே அமர்ந்திருந்தேன். இப்போது முக்கால் மணி நேரம் வாசிக்கிறான். மூன்று கோடைகள் கடந்துவிட்டன. அந்தக் கோடு திறக்கவில்லை. சென்ற ஆண்டு அத்தை இங்கு வந்திருந்தபோது அவன் வாசித்ததைக் கேட்டார்கள். "அவுக தப்புப் பண்ற இடத்திலேயே இவனும் தப்புப் பண்றான்" என்று சிரித்தார்கள். அவர்கள் அவ்வாறு சிரித்து நான் பார்த்து நெடுநாள் ஆயிற்று.

பேழையைப் பூட்டி வைத்திருக்கும் அந்த இரண்டு வீட்டாரை இன்று நான் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அவர்களுக்கே தெரியும். பாட்டனார் பெயரைக் காக்க விரும்பினால் பூட்டைத் திறவுங்கள்; பயிலும் பிள்ளை ஒருவனிடம் கொடுங்கள்; நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் ஒலிக்கச் செய்யுங்கள். வாசிக்கும் கையில் இருக்கும் கருவியைத் துடைக்கவும் எண்ணெய் இடவும் கவனிக்கவும் ஆள் இருக்கும். பூண் தளர்ந்தால் அன்றே தெரிந்துவிடும். பூட்டிய பேழைக்குள் வெடித்தால் ஆயுத பூசையன்றுதான் தெரியும்.